வாக்குத்தத்த அட்டையின் மறுபக்கம்: கீழ்ப்படிதலைப் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டு நிறையச் சிறிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். அட்டையில் அந்த ஆண்டுக்கென்று ஒரு வாக்குத்தத்த வசனம், அதாவது தேவன் தரும் வாக்குறுதியைச் சொல்லும் வேத வசனம், இருக்கும். சபைக்குப் புதிதாக வரத் தொடங்கியவர் அதை ஆவலோடு எடுத்துக் கைப்பேசி உறைக்குள் செருகிக்கொள்வார், அல்லது பீரோக் கதவில் ஒட்டி வைப்பார். பிப்ரவரி, மார்ச் ஆனதும் ஒரு கேள்வி எழும்: இந்த வசனம் எனக்குப் பலிக்க நான் என்ன செய்ய வேண்டும்? கேட்கப்படுகிறவரைப் பொறுத்து, "ஒன்றுமே செய்ய வேண்டாம், நம்பினால் போதும்" என்றோ, "நீங்கள் ஏதோ ஒன்றில் கீழ்ப்படியவில்லை, அதனால்தான் தடைபட்டு நிற்கிறது" என்றோ விடை வரும். வாரந்தோறும் ஒரு வீட்டு வேதபாட வகுப்பில் புதியவர்களோடு உட்காருகிறவன் நான். இந்த இரண்டு விடைகளையும் வெவ்வேறு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டும் பாதி விடைகள். முழு விடையை நீங்களாகவே வேதாகமத்தைத் திறந்து கண்டுகொள்ளும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: கூலியா, சுதந்தரமா?

நம் பக்கத்தில் உழைப்பு என்றதும் நினைவுக்கு வருவது பீஸ் ரேட் கணக்கு. பனியன் கம்பெனியில் இத்தனை டஜன் தைத்து முடித்தால் சனிக்கிழமை மாலை இவ்வளவு கூலி; குறைந்தால் கூலியும் குறையும். நேர்மையான கணக்கு அது. ஆனால் அதே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் திறக்கிறவர், இத்தனை நாள் உபவாசம், இத்தனை வாரம் தவறாத ஆராதனை, ஆகவே இவ்வளவு ஆசீர்வாதம் என்று எழுதத் தொடங்கிவிடுகிறார். ரோமர் 4:4 இந்தக் கணக்கைப் பெயர் சொல்லியே மறுக்கிறது: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." தேவன் யாருக்கும் சனிக்கிழமைக் கூலி பாக்கி வைத்திருப்பவர் அல்லர் என்பதுதான் அந்த நிருபத்தை எழுதிய பவுலின் வாதம்.

வாக்குத்தத்தத்தைப் பெறுவதற்கு வேதாகமம் திரும்பத் திரும்பக் கையாளும் சொல் 'சுதந்தரம்'. பழைய மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லுக்கு விடுதலை என்று பொருளில்லை. தலைமுறை வழியாக வரும் சொத்து என்று பொருள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தில் இதை 'உரிமைப்பேறு' என்றும், வாக்குத்தத்தத்தை 'வாக்குறுதி' என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். பழைய மொழி கடினமாக இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. அப்பன் விட்டுப்போகும் காட்டை மகன் கூலிக்கு உழைத்து வாங்குவதில்லை, பிறந்ததனாலேயே அது அவனுடையது. ஆனாலும் அந்தக் காட்டுப் பக்கமே போகாத, ஒரு சால் உழவு ஓட்டாத மகனுக்கு அது பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். கீழ்ப்படிதலுக்கும் வாக்குத்தத்தத்துக்கும் உள்ள உறவு ஏறத்தாழ இத்தகையது. ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆபிரகாமிடம் போகும்போது அது தெரியும்.

முதல் படி: வசனத்தை அதன் அதிகாரத்துக்குள் திருப்பி வையுங்கள்

அட்டையில் இருப்பது ஒரு வசனம், பல வேளைகளில் ஒரு வசனத்தின் பாதி. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலைமையில் பேசுகிறார் என்ற மூன்றையும் அறியாமல் அதைப் பயன்படுத்துவது, வேறொருவர் பெயருக்கு வந்த கடிதத்தின் நடு வரியை மட்டும் வாசிப்பதற்கு ஒப்பாகும்.

உண்மையிலேயே கடிதமாக இருக்கும் ஒன்றைப் பார்ப்போம். எரேமியா 29:11, அதாவது "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம், அட்டைகளில் மிக அதிகமாக வருவது. அது எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் பகுதி. அந்தக் கடிதத்தைப் பெற்றவர்கள் பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சாரால் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஊருக்குச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். அப்படியல்ல, எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்று 10 ஆம் வசனம் சொல்கிறது. அதற்கும் முன்னால், 5 முதல் 7 வரை, கட்டளைகள் இருக்கின்றன: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பெண் கொண்டு பெண் கொடுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் செய்யுங்கள். ஆக, 11 ஆம் வசனத்தின் வாக்கை நம்புவதன் அடையாளம், பிடிக்காத ஊரில் மண்ணைக் கொத்தித் தோட்டம் போடுவதே. எங்கிருந்தோ பிழைக்க வந்து திருப்பூரில் ஒற்றை அறை வீட்டில் இருந்துகொண்டு, ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்களிடம் இந்த அதிகாரத்தை முழுதாக வாசித்துக் காட்டினால், அட்டையில் இருந்ததைவிட அந்த வசனம் கனமாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: '-ஆல்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

தமிழில் நிபந்தனை தனிச் சொல்லாக முன்னால் வந்து நிற்பதில்லை. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். செவிகொடுத்தால், கைக்கொள்வீர்களானால், நிலைத்திருந்தால். அந்த வால் வாக்கியத்தின் முதற்பாதியில் இருக்க, இனிமையான வாக்கு பிற்பாதியில் வரும். அட்டை அச்சிடுகிறவர் இடம் போதாமல் முற்பாதியை வெட்டிவிட்டால் நிபந்தனையும் சேர்ந்தே போய்விடும். "நானே உன் பரிகாரியாகிய (வைத்தியராகிய) கர்த்தர்" என்பது யாத்திராகமம் 15:26 இன் கடைசித் துண்டு. அந்த வசனத்தின் பெரும்பகுதி அவருடைய சத்தத்தைக் கவனமாய்க் கேட்டு, அவருடைய கட்டளைகளுக்குச் செவிகொடுப்பதைப் பற்றியே பேசுகிறது.

இவ்விடத்தில் வாக்குத்தத்தங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சிலவற்றுக்கு நிபந்தனையே இல்லை. ஆதியாகமம் 9 இல் நோவாவுக்குப் பின்வரும் எல்லாருக்கும், மிருக ஜீவன்களுக்கும்கூட, இனி ஜலப்பிரளயத்தால் பூமி அழிவதில்லை என்று சொல்லப்பட்டிருப்பது எவருடைய நடத்தையையும் பொறுத்ததன்று. நீதியுள்ளவர் தோட்டத்திலும் அநீதியுள்ளவர் தோட்டத்திலும் மழை பெய்கிறது என்று மத்தேயு 5:45 இல் இயேசு சொல்வதும் அந்த வகையே. சிலவற்றுக்கு நிபந்தனை வெளிப்படையாகவே உண்டு: "நீங்கள் மனம்பொருந்திச் செவிகொடுத்தால் தேசத்தின் நன்மையைப் புசிப்பீர்கள்" என்கிறது ஏசாயா 1:19. உபாகமம் 28 ஆம் அதிகாரம் முழுவதும் இவ்வகை. முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், 15 முதல் 68 வரை சாபம். ஆனால் அட்டைகளுக்கு அந்த 14 க்கு அப்பால் போய்ப் பழக்கமில்லை. அது இஸ்ரவேல் என்ற ஜனத்தோடு, ஒரு குறிப்பிட்ட தேசத்தில் வாழ்வதைப் பற்றி, மோவாபின் சமவெளியில் செய்யப்பட்ட உடன்படிக்கை என்பதையும் மறக்கக் கூடாது. அதில் வரும் மாட்டுப்பட்டியையும் மாப்பிசைகிற தொட்டியையும் எடுத்து அப்படியே நம் வங்கிக் கணக்குக்கு மாற்றி எழுதுவது சரியான வாசிப்பு ஆகாது.

மூன்றாவதாக, கட்டளையும் வாக்கும் பின்னிக்கொண்டிருப்பவை. தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கற்பனையை (கட்டளையை) எபேசியர் 6:2 "வாக்குத்தத்தமுள்ள முதலாங்கற்பனை" என்று அழைக்கிறது. புதியவர்களுக்குத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

மூன்றாம் படி: எது முந்தியது என்று பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆதியாகமம் 12, 15, 16, 17, 22 ஆகிய ஐந்து அதிகாரங்களையும் வரிசையாக வாசியுங்கள்.

12 இல் ஆபிராமுக்கு (17 இல் ஆபிரகாம் என்று பெயர் மாற்றப்படுகிறவன் இவனே) வயது 75. உன் தேசத்தை விட்டுப் புறப்படு என்ற கட்டளையும், உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்ற வாக்கும் ஒரே மூச்சில் வருகின்றன. அவன் புறப்படுகிறான். 15 இல் இன்னும் பிள்ளை இல்லை. வானத்து நட்சத்திரங்களை எண்ணச் சொல்லி வாக்கு மறுபடி உறுதி செய்யப்படுகிறது. "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்" என்பது அங்கே, 6 ஆம் வசனத்தில். அதே அதிகாரத்தில் ஒரு விசித்திரமான சடங்கு நடக்கிறது. மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைத்து, உடன்படிக்கை செய்பவர்கள் நடுவே கடந்துபோவது அக்காலத்து வழக்கம். எரேமியா 34:18 இலும் அது வருகிறது. ஆனால் இங்கே ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்க, புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. இரு தரப்பும் கையெழுத்திட வேண்டிய பத்திரத்தில் ஒரு தரப்பே, அதாவது தேவன் மட்டுமே, கையெழுத்திட்டது என்று இதை நம் வழக்கில் சொல்லலாம்.

16 இல் அவன் தவறுகிறான். தாமதம் பொறுக்காமல், மனைவி சாராளின் அடிமைப்பெண்ணான ஆகார் மூலமாக இஸ்மவேல் என்ற பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும்போது வயது 86. வாக்கு ரத்தாகவில்லை, ஆனால் அந்தத் தவற்றின் வலியை ஆகாரும் இஸ்மவேலும் சாராளும் அவனும் சுமந்தார்கள். வாக்களிக்கப்பட்ட மகனான ஈசாக்கு சாராளுக்குப் பிறந்தபோது ஆபிரகாமுக்கு நூறு வயது. புறப்பட்ட நாளிலிருந்து 25 ஆண்டுகள். அதன் பிறகுதான் 22 ஆம் அதிகாரத்தில், அந்த ஈசாக்கையே பலியிடச் சொல்லப்பட்டு அவன் போகும் மோரியா மலை வருகிறது, அங்கேதான் "நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்" என்ற சொற்கள் வருகின்றன.

சற்று நின்று பாருங்கள். பூமியின் வம்சங்கள் எல்லாம் ஆசீர்வதிக்கப்படும் என்ற வாக்கு 12 ஆம் அதிகாரத்திலேயே கொடுக்கப்பட்டாயிற்று. பத்து அதிகாரங்கள் கழித்து அதே வாக்கு, கீழ்ப்படிந்தபடியினால் என்ற காரணத்தோடு திரும்பச் சொல்லப்படுகிறது. கொடுக்கப்பட்ட வாக்கை அவன் விலை கொடுத்து வாங்கவில்லை. ஆனால் அவனுடைய கீழ்ப்படிதல் அந்த வாக்கின் வரலாற்றுக்குள் எழுதப்பட்டுவிட்டது. காடும் மகனும் என்ற உவமை இங்கே போதாமல் போகிறது, ஏனென்றால் எந்தப் பத்திரத்திலும் மகன் உழுததைக் காரணமாக எழுதுவதில்லை. விசுவாசத்தினாலே நீதிமான் என்று பவுல் ரோமர் 4 இல் 15 ஆம் அதிகாரத்தையும், கிரியைகளினாலே நீதிமான் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் 22 ஆம் அதிகாரத்தையும் பிடித்துக்கொண்டு பேசுவதால், இருவரும் முரண்படுவதாகச் சிலருக்குத் தோன்றும். ஒரே மனிதனின் வாழ்க்கையில் இரண்டு நாட்களைப் பற்றி இருவர் பேசுகிறார்கள் என்று வாசித்தால் முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

இதே வரிசை சீனாய் மலையிலும் உண்டு. பத்துக் கற்பனைகளின் முதல் வரி கட்டளை அல்ல. அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின கர்த்தர் நானே என்ற அறிவிப்பு. முதலில் விடுதலை, பிறகு கட்டளை. சீனாயில் கொடுக்கப்பட்ட நியாயப்பிரமாணம் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தத்துக்கு 430 வருஷத்துக்குப் பின் வந்ததனால் அது வாக்கைத் தள்ளிவிட முடியாது என்று கலாத்தியர் 3:17 சொல்வதும் இந்த வரிசையைக் காப்பதற்காகவே. புதிய ஏற்பாடு இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், மரணபரியந்தம் கீழ்ப்படிந்தவர் கிறிஸ்துவே என்று பிலிப்பியர் 2:8 இலும், வாக்குத்தத்தங்களெல்லாம் அவருக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருப்பதாக 2 கொரிந்தியர் 1:20 இலும் சொல்கிறது. நம் கீழ்ப்படிதல் அவருடைய கீழ்ப்படிதலின் பின்னால் நடப்பது.

நான்காம் படி: கேட்டதில் ஒன்றைச் செய்யுங்கள்

எபிரெயத்தில் 'ஷமா' என்ற வினைக்குக் காதால் கேட்பது, சொன்னபடி நடப்பது என்ற இரு பொருளும் உண்டு. இதைத் தமிழருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. "பையன் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லீங்க" என்று நம் ஊர்த் தாய் ஒருத்தி குறைப்பட்டால், அவனுக்குக் காது மந்தம் என்று யாரும் எண்ணுவதில்லை.

ஆகவே வாசித்த அதிகாரத்திலிருந்து இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெரியதாக இருக்க வேண்டாம். 2 இராஜாக்கள் 5 இல் சீரியாவின் படைத்தலைவனும் குஷ்டரோகியுமான நாகமானுக்கு யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்று சொல்லப்பட்டபோது அவன் கோபித்தான். தமஸ்குவின் ஆறுகள் நல்லவையல்லவா என்று கேட்டான். பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரல்லவா என்று அவனை வழிக்குக் கொண்டுவந்தவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள். சிறிய கட்டளையில்தான் நம் மானம் அதிகம் இடறுகிறது.

இப்போது தாய்தகப்பனுக்கு வருவோம். பிள்ளைகள் வேலைக்கென்று நகரத்தில் தங்கிவிட, சென்னிமலைப் பக்கமோ தாராபுரம் பக்கமோ பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகள் பல. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் சபைக்குக் காணிக்கை தாராளமாகக் கொடுக்கத் தொடங்கி, மாதாமாதம் ஊருக்கு அனுப்பிய பணத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. மாற்கு 7:9-13 ஐ அவர் வாசிக்க வேண்டும். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். பெற்றோர் வேறு சமயத்தவராக இருந்தாலும் கனம்பண்ணு என்ற கட்டளை மாறுவதில்லை. வாரம் ஒரு முறை பேசுவது, மருந்துச் செலவை ஏற்பது, பொங்கலுக்கு ஊருக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது: கீழ்ப்படிதல் இப்படித்தான் தொடங்கும். பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று 1 சாமுவேல் 15:22 இல் சவுல் ராஜாவுக்குச் சொல்லப்பட்டது, பலி கொடுப்பதற்காகவே ஆடுமாடுகளைத் தப்பவைத்தோம் என்று அவன் சாக்குச் சொன்ன இடத்தில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேவனுக்குக் கீழ்ப்படிதலும், உங்களுக்குப் போதிக்கிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதும் ஒன்றல்ல. இவ்வளவு தொகை விதைத்தால் (காணிக்கையாகக் கொடுத்தால்) இந்த வாக்குத்தத்தம் உறுதி என்று எவரேனும் சொன்னால், அப்போஸ்தலர் 8 இல் வரத்தைப் பணத்துக்குக் கேட்ட சீமோனுக்குப் பேதுரு கொடுத்த பதிலைப் படித்துவிட்டு, பணப்பையை மூடிவிடுங்கள்.

ஐந்தாம் படி: தாமதத்தைத் தவறாக வாசிக்காதிருங்கள்

கீழ்ப்படிந்தும் வாக்கு கைக்கு வராத காலம் வரும். அப்போது எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களையும் யோசுவா 14 ஐயும் சேர்த்து வாசியுங்கள். வாக்களிக்கப்பட்ட தேசமான கானானை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் காலேபும் யோசுவாவும் மட்டுமே போகலாம் என்றார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள், ஜனங்கள் அழுதார்கள், நாற்பது வருஷம் வனாந்தரம் என்று தீர்ப்பாயிற்று. காலேபும் அதே வனாந்தரத்தில்தான் நடந்தான். வேவு பார்த்தபோது 40 வயது, எப்ரோனைப் பெற்றபோது 85. அந்த 45 ஆண்டுகளும் அவனுடைய கீழ்ப்படியாமையின் கூலி அல்ல.

பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்காரருக்கு இது எளிதில் விளங்கும். தம் வாய்க்காலைச் செதுக்கி, வரப்பைக் கட்டி, எல்லாவற்றையும் சரியாக வைத்திருப்பார். மேலே கரை எங்கேனும் உடைந்தால் தண்ணீர் அவருக்குத் தள்ளித்தான் வரும். அவரைப் பார்த்து, நீ சரியாக இருந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று சொல்கிறவன் விவசாயம் அறியாதவன். நோயாளியின் கட்டிலருகே நின்று எந்தப் பாவத்தால் இது வந்தது என்று ஆராய்கிறவர்களும் அப்படியே. யோவான் 9 இல் சீஷர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு மறுப்பு வாங்கினார்கள். எபிரெயர் 11 இல் பேர்பேராகச் சொல்லப்பட்ட விசுவாசிகள் எல்லாரும், வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையவில்லை என்று அதே அதிகாரத்தின் 39 ஆம் வசனம் சொல்லிவிடுகிறது. அதற்கு முந்தின அதிகாரம், 36 ஆம் வசனத்தில், தேவனுடைய சித்தத்தின்படி செய்தவர்களுக்கும் "பொறுமை உங்களுக்கு வேண்டியதாயிருக்கிறது" என்கிறது.

தாமதத்துக்கு நம் தவறே காரணமாக இருப்பதும் உண்டு. அப்போது அறிக்கையிடுவதும் (1 யோவான் 1:9) திரும்புவதும் வழி. ஆனால் விட்டதைப் பிடிக்கிறேன் என்று பாய்வது வழியல்ல. எண்ணாகமம் 14 இன் கடைசிப் பகுதியில், போகமாட்டோம் என்றவர்களே மறுநாள் காலையில், போகாதிருங்கள் என்று மோசே தடுத்தும் கேளாமல், மலையேறிப் போய்த் தோற்றார்கள்.

நடைமுறைக்கு

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாக்குத்தத்தத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வசனத்தை முழுதாக எழுதுங்கள், வெட்டாமல். அதன் கீழே யார் யாருக்குச் சொன்னது என்பதையும், '-ஆல்' இருந்தால் அதையும், அந்த வாரம் நீங்கள் செய்யப்போகும் ஒன்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் நான்கு வரி வெற்றிடம் விடுங்கள். ஆண்டு முடிவில் நிரப்பலாம், நிரப்பாமலும் விடலாம். வாரத்துக்கு ஒன்று போதும். முதல் வாரத்துக்கு எரேமியா 29, இரண்டாவது வாரத்துக்கு எபேசியர் 6:1-4 ஐயும் மாற்கு 7:9-13 ஐயும் சேர்த்து, அதன் பிறகு ஆபிரகாமின் ஐந்து அதிகாரங்கள். பீரோக் கதவில் ஒட்டிய அட்டையை எடுக்க வேண்டியதில்லை. அடுத்த டிசம்பரில் புதியதை எடுக்கும்போது, அதன் வெற்றுப் பின்பக்கத்தில் அந்த அதிகாரத்தின் எண்ணையும், அதற்கு முந்தின அதிகாரத்தின் எண்ணையும் பேனாவால் எழுதி வையுங்கள்.